கப்பலில் எந்தப் பந்தி?

போன மாதம் எங்கள் அக்காவின் ஆபீஸில் எல்லோரையும் இரண்டு இரவு கப்பல் சுற்றுலா அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். பெரிய கப்பல் எல்லாம் இல்லை, சின்னதுதான். வேலை செய்பவர்களுக்கு இலவசம். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம், அதற்கு மட்டும் நாம் காசு கட்ட வேண்டும். கூடவே ஒரு படிவமும் வந்தது. அதில் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது முழுதாக ஒரு பக்கம்!

பெரிய சாப்பாட்டுக் கூடமா, பஃபேயா, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் ஸ்பெஷல் ரெஸ்டாரண்டா? கூடம் என்றால் ஏழு மணிப் பந்தியா, ஒன்பது மணிப் பந்தியா? சைவமா, அசைவமா, ஜெயின் சாப்பாடா? அக்கா படிவத்தை என்னிடம் நீட்டி, "நீதான் பி.காம். படிக்கிறியே, எது லாபம்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றாள்.

வாசல் பக்கம் கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார். "இன்னாது? கப்பல்ல எங்க துன்றதுன்னு ஃபாரம் குடுக்கறானா?"

தாத்தா ராயபுரத்துக்காரர். ஹார்பரில் 39 வருடம் மூட்டை தூக்கியவர். 1961-ல் சேர்ந்தபோது அவருக்கு 19 வயது. அரிசி, வெங்காயம், மாவு என்று எத்தனையோ கப்பலுக்குச் சாப்பாட்டுச் சாமான் ஏற்றியிருக்கிறார். ஆனால் ஒரு நாள்கூட ஒரு கப்பலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அன்று ராத்திரி அவர் சொன்ன கதைகளைக் கேட்டபின் எனக்கு அந்தப் படிவத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பிறகு லைப்ரரியில் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததையும் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாய்ஸே இல்லாத கப்பல்

சென்னையில் துறைமுகம் கட்டுவதற்கு முன்னாலேயே கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அவை கடலில் தள்ளி நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில் ஏறி, அலையில் நனைந்து, கப்பலுக்குப் போக வேண்டும். 1860 அக்டோபரில் அப்படித்தான் 342 பேர் 'ட்ரூரோ' என்ற கப்பலில் ஏறினார்கள். தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள். இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போன முதல் கூலிக் கப்பல் அதுதான். அதன்பின் 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் அங்கே போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள்.

இந்தக் கப்பல்களில் சாப்பாட்டுக்குச் சட்டம் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், கருவாடு என்று அரசாங்கமே அளவு வைத்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்த அளவுப் பட்டியலின் நோக்கம் வேறு. ஆட்கள் தோட்டத்துக்கு உயிரோடும் வேலை செய்யும் நிலையிலும் போய்ச் சேர வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால் சரக்கு சேதமில்லாமல் டெலிவரி ஆக வேண்டும். அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கப்பலேறியவர்களின் பெயர்ப் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, ஊர் இவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. ஊரில் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காத காலம் அது. அப்படிப்பட்ட ஆட்களை ஒரே கப்பலில் வாரக்கணக்கில் அடைத்தால் என்ன செய்வது? யார் கையால் சமைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்களோ அப்படிப்பட்ட சாதியிலிருந்து சமையல்காரர்களைப் பார்த்து எடுத்தார்கள். ஆனாலும் ஒரே கொப்பரை, ஒரே வரிசை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாடு. ஊர்க் கட்டுப்பாடு நடுக்கடலில் எவ்வளவு நாள் தாங்கும்?

வடநாட்டிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போனவர்கள், ஒன்றாகக் கப்பலேறி வந்தவர்களை 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள். கப்பல் சகோதரன் என்று அர்த்தம். அந்த உறவு சொந்த ரத்த உறவு மாதிரியே தலைமுறை தாண்டி நின்றது. ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டதில் பிறந்த உறவு அது. சாய்ஸ் இல்லாதது கொடுமைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குள்ளே ஊரில் நடக்காத ஒன்று நடந்துவிட்டது.

மூட்டை கட்டிக்கொண்டு போன காந்தி

டிக்கெட் வாங்கிப் போனவர்கள் நிலைமை என்ன? 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து 'கிளைடு' கப்பலில் லண்டனுக்குக் கிளம்பினார் மோகன்தாஸ் காந்தி. 18 வயதுப் பையன், சட்டம் படிக்கப் போகிறார். கப்பலில் சாப்பாட்டு மேஜை இருக்கிறது, அதில் உட்காரும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. ஆனால் கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கத் தைரியம் இல்லை. அதனால் பெரும்பாலும் தன் அறையிலேயே, வீட்டிலிருந்து கொண்டுபோன பட்சணங்களையும் பழங்களையும் சாப்பிட்டுக்கொண்டே போனார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். மெனுவில் இருப்பது மட்டும் சாய்ஸ் ஆகாது. கேட்கும் தைரியமும், அங்கே உட்காரும் பழக்கமும் சேர்ந்தால்தான் சாய்ஸ். எங்கள் காலேஜிலேயே பெரிய ஹோட்டலில் ட்ரீட் என்றால் "வயிறு சரியில்லடா" என்று நழுவும் பசங்களை எனக்குத் தெரியும். நானும் நழுவியிருக்கிறேன்.

துறைமுகக் குமாஸ்தா ஏறிய கப்பல்

காந்திக்கு 26 வருடம் கழித்து நம்ம ஹார்பரிலேயே இன்னொரு சைவக்காரர் கப்பலேறினார். ஸ்ரீனிவாச ராமானுஜன்!

1912 மார்ச் 1-ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். கணக்குப் பிரிவு. (காமர்ஸ் மாணவர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம் :-)) துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்கு ஆதரவாக நின்றவர்களில் முக்கியமானவர். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் 'நெவாசா' என்ற கப்பலில் இரண்டாம் வகுப்பில் கிளம்பி, ஏப்ரல் 14 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கிளம்பும் முன் குடுமியை எடுத்தார். பேன்ட், கோட்டு போட்டார். கத்தி, முள்கரண்டி பிடிக்கப் பழகினார். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர் ஒன்றை மட்டும் விடவில்லை, சைவச் சாப்பாட்டை. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் பெரிய சாப்பாட்டுக் கூடம் இருந்தும் அவர் தன் அறையில் தானே சமைத்துத்தான் சாப்பிட்டார். உலகப் போர் காலத்தில் காய்கறிக்கே தட்டுப்பாடு. உடம்பு கெட்டுப்போய் 1919-ல் ஊர் திரும்பினார், அடுத்த வருடம் 32 வயதில் இறந்துவிட்டார். அவர் உடம்பு கெட்டதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் கூடிச் சாப்பிடும் இடத்தில் தனக்கென ஒரு தட்டு இல்லாதவனின் தனிமை எப்படிப்பட்டது என்பதை அவர் கதை சொல்கிறது.

மேல்தட்டில் ஹோட்டல்

அதே காலத்தில் அட்லாண்டிக் பக்கம் என்ன நடந்தது என்றும் பார்த்துவிடலாம். அக்காவின் படிவத்தில் இருந்த 'காசு கொடுத்துச் சாப்பிடும் ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்' என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. அதுவரை கப்பல் டிக்கெட்டில் சாப்பாடு அடக்கம். மணி அடிப்பார்கள், போய் உட்கார வேண்டும், வைப்பதைச் சாப்பிட வேண்டும். 1905-ல் ஹாம்பர்க்–அமெரிக்கா கம்பெனி தன் 'அமெரிகா' கப்பலில் ரிட்ஸ் ஹோட்டலின் பெயரில் ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தது. பிடித்த நேரத்தில் போகலாம், பிடித்ததைக் கேட்கலாம், தனியாகக் காசு கொடுக்கலாம். 1912-ல் டைட்டானிக்கிலும் முதல் வகுப்புக்காரர்களுக்கு இப்படி ஒரு ரெஸ்டாரண்ட் இருந்தது.

அதே டைட்டானிக்கில் யூதப் பயணிகளின் சாப்பாட்டு முறைக்காகவே ஒரு சமையல்காரரும் வேலையில் இருந்தார். அப்போது ஐரோப்பாவிலிருந்து ஏராளமான யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்றால் அடுத்த கம்பெனியின் கப்பலுக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளருக்கு வேறு கப்பல் இருக்கும்போது கம்பெனிக்குக் காது நன்றாகக் கேட்கிறது!

வேறு கப்பல் இல்லாவிட்டால்? அதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி (சுருக்கமாக பி.ஐ. கம்பெனி) வைத்ததுதான் சட்டம். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மறு வருடம் சொந்தக் கப்பல்களும் வந்துவிட்டன. உடனே பி.ஐ. கட்டணத்தைக் குறைத்தது, இலவசப் பயணம்கூடக் கொடுக்க முன்வந்தது, கூடவே இலவசக் குடை! போட்டி என்று ஒன்று வந்தபிறகுதான் டெக் பயணியும் ஒரு வாடிக்கையாளர் என்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. வ.உ.சி.யை 1908-ல் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி முடங்கியது. குடையும் போயிருக்கும்.

ராஜுலா

தாத்தா சொன்ன கதைக்கு இப்போது வருகிறேன். அதே பி.ஐ. கம்பெனியின் கப்பல்தான் 'ராஜுலா'. வடசென்னையில் எண்பது வயது தாண்டிய யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று போய் வரும். முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேர். டெக்கில்? ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் ஆட்களை ஏற்ற அனுமதி இருந்தது! பின்னாளில் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது. இதனோடு சேர்த்துக் கட்டிய இன்னொரு கப்பல் 'ரோனா'. அது 1943 நவம்பரில், போர்ச் சிப்பாய்களை ஏற்றிப் போகும்போது மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுபட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ராஜுலா மட்டும் தப்பி 47 வருடம் ஓடியது.

டெக் பயணிக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம் வீடு. சட்டத்தில் இவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் அன்று இவர்களைப் 'படுக்கை ஒதுக்கப்படாத பயணி' என்றது. பெயரிலேயே 'உனக்கு இல்லை' என்று எழுதியிருந்தது பாருங்கள்.

தாத்தாவின் தாய்மாமன் ஐம்பதுகளில் பினாங்குக்கு இப்படித்தான் போனார். தகரப் பெட்டி, பாய், ஒரு தூக்குச் சட்டி. வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு இரண்டு நாள் வந்ததாம். அதன்பின் கப்பல் சோறு. "மேல இருக்கறவனுக்கு மணி அடிச்சு, வெள்ளைத் துணி விரிச்ச மேஜையில சோறு. டெக்குக்காரன் தட்டை எடுத்துக்கினு வரிசையில நிக்கணும். வாங்கினு வந்து பெட்டி மேல குந்திக்கினு துன்னணும். கடல் ஆடிச்சின்னா சோறு வேற பக்கம், நீ வேற பக்கம்" என்று தாத்தா சொன்னபோது சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அறுபதுகளில் தாத்தா வேலைக்குச் சேர்ந்தபின் ராஜுலா நிற்கும்போதெல்லாம் பார்ப்பாராம். சாமான் ஏற்றும்போது சமையல்கட்டு வாசனை வரும். "அரிசி மூட்டை மட்டும்தான்டா நம்ம உள்ள போவும், நம்ம வெளிய நிக்கணும்" என்றார்.

இதில் சாதி, மதம் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். எங்கேயும் போகவில்லை. இதே கம்பெனி பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஓட்டிய கப்பல்களில் இந்துக்களுக்குத் தனிச் சமையலறை, முஸ்லிம்களுக்குத் தனிச் சமையலறை. ஒரு பக்கம் இது மரியாதை, அவரவர் சாப்பாட்டு முறையை மதித்தார்கள். இன்னொரு பக்கம் ட்ரூரோ காலத்துக் கூலிக் கப்பலில் கட்டாயத்தால் உடைந்த வரிசை, இங்கே வசதியால் திரும்பவும் இரண்டானது. இரண்டுமே உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

தட்டைத் தள்ளிய நாள்

சாய்ஸ் இல்லாதவர்கள் எப்போதும் சும்மா இருந்துவிடவில்லை. 1905-ல் ரஷ்யாவின் 'பொட்டம்கின்' போர்க்கப்பலில் புழு வைத்த மாமிசத்தைச் சாப்பிடச் சொன்னதில்தான் கலகம் வெடித்தது. நம்ம நாட்டில் 1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தின் இந்திய மாலுமிகள் மோசமான சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். சோறு இல்லை என்றால் வேலையும் இல்லை என்பதுதான் கோஷம். வெள்ளைக்கார மாலுமிக்கு ஒரு சாப்பாடு, ஒரு சம்பளம், ஒரு மரியாதை. அதே வேலை செய்யும் இந்தியனுக்கு வேறு. சில நாட்களுக்குள் 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவியது. சென்னையிலும் கடற்படை மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்கள்.

பள்ளிப் புத்தகத்தில் இதைக் 'கடற்படைக் கலகம்' என்று இரண்டு வரியில் படித்துவிட்டு மார்க் வாங்கினோம். தட்டில் இருந்த பருப்பிலிருந்து ஆரம்பித்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் மறந்திருக்க மாட்டேன். சோற்றுக்காகவா இவ்வளவு என்று கேட்பவர்களுக்குத் தாத்தாவிடம் பதில் இருக்கிறது: "சோறு எப்படிப் போடறான்றதுலதான் உன்ன இன்னா மதிக்கறான்னு தெரியும்."

சிதம்பரம், பிறகு எங்கள் அந்தமான் பயணம்

1973-ல் ராஜுலா ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியாவுக்கு விற்கப்பட்டு, 'ரங்கட்' என்று பெயர் மாறி, அடுத்த வருடமே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1966-ல் பிரான்சில் கட்டிய 'பாஸ்டர்' கப்பலை வாங்கி மாற்றி அமைத்தார்கள். திறந்த டெக்குக்குப் பதில் பங்க் படுக்கைகள். டெக்காரர்களுக்கு ஒரு படுக்கை கிடைத்தது, சின்ன விஷயம் இல்லை. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் கதை முடிந்தது. எப்படியும் விமானம் எல்லோரையும் இழுத்துக்கொண்டிருந்த காலம். சிங்கப்பூருக்குக் கப்பலில் போவது என்பது சினிமாப் பாட்டிலும் பெரியவர்கள் பேச்சிலும் மட்டும் மிஞ்சியது.

கப்பலில் சாப்பிட்ட அனுபவம் எனக்கும் ஒன்று உண்டு. நான் ஐந்தாவது படிக்கும்போது சித்தப்பாவைப் பார்க்க அந்தமான் போனோம். போர்ட் பிளேர் என்று அப்போது பெயர், 2024-ல் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றினார்கள். சென்னை ஹார்பரிலிருந்து மூன்று நாள் பயணம். எங்களுக்குப் பங்க் வகுப்பு. அறைக்காரர்களுக்கு மேலே சாப்பாட்டுக் கூடம், பங்க்காரர்களுக்குக் கீழே கேன்டீன். அம்மா புளிசாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டியிருந்தார். இரண்டாம் நாள் அதுவும் தீர்ந்து கேன்டீன் வரிசையில் நின்றோம். என் முறை வரும்போது சோறு இருந்தது, குழம்பு தீர்ந்துவிட்டது. தங்கச்சி அழுதாள். பின்னால் நின்ற ஒரு தாத்தா தன் தட்டிலிருந்து பாதி முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவர் யாரென்று தெரியாது, பாஷையும் புரியவில்லை. ஆனால் இறங்கும்வரை எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். 'ஜஹாஜி பாய்' என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பயணத்தில் ஒரு நாள் மாடிப்படி ஏறி மேலே சாப்பாட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு. உள்ளே மேஜை, நாற்காலி, தண்ணீர் டம்ளர். சாப்பாடு ஒன்றும் அப்படிப் பிரமாதமாகத் தெரியவில்லை, அதே சோறு, அதே பருப்பு மாதிரிதான் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் எனக்கு இன்று வரை மறக்கவில்லை.

இனி படிவம்

இரண்டு பந்தி, குறிப்பிட்ட மேஜை என்ற பழைய ஏற்பாட்டை மாற்றி, எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று 2000-ல் விளம்பரப்படுத்தியது நார்வீஜியன் குரூஸ் லைன் கம்பெனி. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய 'எம்ப்ரஸ்' கப்பலும் இந்த வழிதான். 1990-ல் கட்டப்பட்ட, இன்றைய கணக்கில் சிறிய கப்பல். அதிலும் டிக்கெட்டில் அடங்கும் கூடமும் பஃபேயும் உண்டு, தனிக் காசுக்கு ரெஸ்டாரண்டும் உண்டு. ராஜுலா நின்ற அதே துறைமுகம்!

இப்போது அக்கா கேட்ட கணக்கு. கூடத்துக்கும் பஃபேக்கும் டிக்கெட்டிலேயே காசு கட்டியாகிவிட்டது. ஸ்பெஷல் ரெஸ்டாரண்டுக்குப் போனால் பில்லில் இருக்கும் தொகை மட்டும் செலவு இல்லை. ஏற்கனவே கட்டிய ஒரு சாப்பாட்டையும் சாப்பிடாமல் விடுகிறோம், அதையும் சேர்க்க வேண்டும். கம்பெனிக்கோ இரண்டு லாபம். டிக்கெட்டை மலிவாகக் காட்டி ஏற்றிவிட்டு, ஏறியபின் இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள். அதனால் காலையில் பஃபே (அவசரத்துக்கு வசதி), ராத்திரி கூடம், ஸ்பெஷல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காமர்ஸ் பதில் இவ்வளவுதான்.

ஆனால் வரலாறு சொல்லும் பதில் வேறு. கப்பலில் எங்கே சாப்பிடுவது என்பதை 160 வருடமாக ருசி தீர்மானிக்கவில்லை. டிக்கெட்டும், சாதியும், தோல் நிறமும்தான் தீர்மானித்தன. இன்று சாதியையும் நிறத்தையும் படிவத்தில் கேட்பதில்லை, நல்லது. டிக்கெட் மட்டும் அப்படியே இருக்கிறது. மெனு நீளமாக இருப்பதால் எல்லோருக்கும் சாய்ஸ் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மேலே மேஜை இருக்கும்போது கீழே இன்னும் ஒருவன் தட்டோடு நிற்கிறானா என்றும் பார்க்க வேண்டும். அந்தக் கப்பலுக்கு அரிசி மூட்டை ஏற்றியவன் எங்கே சாப்பிட்டான் என்றும் கேட்க வேண்டும்.

கூட வரும் ஒருவர் என்ற இடத்தில் அக்கா யார் பெயரை எழுதுவாள் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. அத்தான் தான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா தாத்தா பெயரை எழுதினாள். அத்தானும் ஒன்றும் சொல்லவில்லை, "சரியான ஆளைத்தான் எழுதியிருக்கே" என்றார்.

தாத்தா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "வேட்டி கட்டிக்கினு வந்தா உள்ள வுடுவானா?" என்று கேட்டார். படிவத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அக்கா மெயில் போட்டுக் கேட்டாள். இரண்டு நாள் கழித்து, வரலாம் என்று பதில் வந்தது. அதைப் படித்துக் காட்டியபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு படிவத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

பெரிய கூடம், ஏழு மணிப் பந்தி, அசைவம் என்று டிக் போட்டாயிற்று. கடைசியாக அவர் கேட்டது இதுதான்: "மீன் இருக்குமான்னு கேட்டியா?"